கன்னி மூலையில் மூன்று பொட்டு

புதன்கிழமை விடிந்து வெயில் ஏறுவதற்குள் நாலு பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"யக்கா, அந்தப் பொட்டைக் கொஞ்சம் காட்டுங்க. எம் மருமவ முழுகாம இருக்கா. ஒரு தடவை கும்பிட்டுட்டுப் போயிருதோம்."

சுந்தரம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். தலை முழுகி, ஈர முடியை அள்ளிச் செருகியிருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. அதைப் பார்க்கத்தான் அவள் புருஷன் வேல்சாமிக்குப் பயமாக இருந்தது.

தறிச் செட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. ஆனாலும் அவன் நீத்தண்ணிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். உள்ளே பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

போன வெள்ளிக்கிழமை வந்த வினை இது.

அன்றைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. சின்ன மகள் ஆவுடைத்தாய் மூளைக்காய்ச்சலில் போய் வருஷம் ஒன்றாகியிருந்தது. பதினாலு வயது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி, அதற்குள் புதுப் பாவாடை, ரிப்பன், கண்ணாடி வளையல். தென்மேற்கு மூலையில், கன்னி மூலையில், அதை இறக்கி வைத்து இலை போட்டு மாவிளக்கு ஏற்றினார்கள். பிறகு வாசல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். பேசக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. கன்னி வந்து பசியாறிவிட்டுப் போகிற நேரம் அது.

அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சொடக்கு. ஆவுடைக்கு அதுதான் பழக்கம். படிக்கும்போதும் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதும் விரலை முறித்துக்கொண்டே இருப்பாள். "ஒடிஞ்சுபோவும்டி, எவன் கட்டுவான்?" என்று சுந்தரம்மாள் ஏசாத நாள் கிடையாது.

கதவைத் திறந்தபோது, முந்தின நாள் சுந்தரம்மாளே வெள்ளையடித்த சுவரில், மூலையோரமாக மூன்று சிவப்புப் பொட்டு. மேலே இரண்டு. சற்றுத் தள்ளி, கீழே ஒன்று.

ஒரு வருஷமாக இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காதவள், அன்று ராத்திரி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "வந்துட்டுப் போயிருக்கா" என்று மட்டும் சொன்னாள். ஐந்து நாளாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

வேல்சாமி தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழுந்தபோது, மேலே இருந்த இரண்டு பொட்டுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஓடியதை அவன் கண்டான். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. தறிக்கு வருமுன் ஐந்து வருஷம் கொத்தனார்களுக்குக் கையாளாக இருந்தவன் அவன். காவி தடவிய நூலின் ஒரு முனையை எத்தனையோ சுவர்களில் பிடித்திருக்கிறான். இரண்டு முனையிலும் குறி வைத்து, நூலை விறைப்பாக இழுத்து நடுவில் சுண்டிவிட்டால், 'டப்' என்று ஒரு சத்தம். சுவரில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் கடப்பாரை விழும்.

சொடக்குச் சத்தம் எதுவென்று அவனுக்கு அன்றே புரிந்துபோயிற்று. மூன்றாவது பொட்டுக்கு மட்டும் அவனிடம் கணக்கு இல்லை. எவனாவது காவிக் கையை ஊன்றியிருப்பான் என்று விட்டுவிட்டான்.

"யப்பா, இங்கன வாங்க."

பெரியவள் கோமதித்தாய் கொல்லையில் இருந்து கூப்பிட்டாள். இருபது வயது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், இன்று போகவில்லை.

"இந்தப் பூட்டைப் பாருங்க. நம்ம சாவி ஆணியில தொங்குது. வெள்ளிக்கிழமை படையல் முடிஞ்சு வந்து பாத்தா இது தொறந்து கெடந்துச்சு. யாரு தொறந்தது?"

"கன்னி வந்தாள்னு உங்கம்மா..."

"கன்னி பீடி குடிப்பாளாப்பா?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அணைந்த பீடித் துண்டு ஒன்று. துவைக்கிற கல்லுக்கு அடியில் கிடந்ததாம்.

வேல்சாமி அதை வாங்கிச் சாக்கடைக்குள் போட்டான்.

"தெரிஞ்சுதான் இருக்கிய" என்றாள் கோமதி. குரல் தாழ்ந்துவிட்டது. "நீங்க கையாளா இருந்தவர்லா."

"சத்தம் போடாதட்டி. உங்கம்மா சாப்பிடுதா. அது போதும் எனக்கு."

"இந்த வரிசையில மூணு வீட்டையும் ஒண்ணாக்கித் தறிச் செட்டு போடப் போறாரு, வீட்டுக்காரரு. இந்தச் சுவர் இடிஞ்சா அந்த மூலை எங்கப்பா இருக்கும்? அம்மா எங்க போய் வெளக்கு வைப்பா?"

அவள் அவன் கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குள் இழுத்துப்போனாள்.

பக்கத்து வீடு மெஹர்பானுவுடையது. அவளும் வாடகைக்கு இருப்பவள்தான். புருஷன் துபாயில். அவளுடைய தம்பி முகம்மது மைதீன் வக்கீல் குமாஸ்தா. அக்கா சொல்லி அனுப்பியதால், கோர்ட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள் மெஹர்பானு. "நானே வரணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை உச்சியில ஒரு ஆளு நூல்கண்டும் ரசமட்டமுமா உங்க கொல்லை வழியா சந்துக்குள்ள இறங்கிப் போறதைப் பாத்தேன். உங்க வீட்டு வேலையாக்கும்னு நெனச்சுட்டேன். அதுக்கு முந்தின வாரம் எங்க வீட்டுக் கூரை மேல ஏறி நின்னான் ஒருத்தன். நான் தொழுதுட்டு இருக்கேன், ஓட்டு மேல காலடி கேக்கு. ஷைத்தான்னு நெனச்சு ஓதிக்கிட்டே வெளிய வாரேன், டேப்பை வச்சுக்கிட்டு நிக்கான். நீதானா அந்த ஷைத்தான்னு கேட்டேன். அளவு எடுக்கச் சொன்னாவ, அக்கான்னு சொல்லுதான்!"

கோமதி சிரித்துவிட்டாள். வேல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, அவரு வீடு. அவரு ஆளை அவரு வீட்டுக்குள்ள விட்டா நாம என்ன செய்ய முடியும்?"

மைதீன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"வீடு அவரோடது அண்ணாச்சி. குடியிருப்பு உங்களோடது. நீங்க இருக்க வரைக்கும் அவரு வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுத்தான் உள்ள வரணும். மராமத்து பாக்கணும்னாலும் இன்ன நாளு, இன்ன நேரம், இன்னாரு வாராருன்னு முன்னாலேயே சொல்லணும். உங்களைக் காலி பண்ணச் சொல்லவும், இருக்க வீட்டை இடிக்கவும் கோர்ட்டுதான் உத்தரவு போடணும். கள்ளச்சாவி போட்டுக் கொத்தனாரை விடுதது எந்தச் சட்டத்துலயும் கிடையாது."

"கள்ளச்சாவி இல்ல தம்பி. அவருட்ட எப்பவும் ஒண்ணு இருக்கும்."

"கேக்காமத் தொறந்தா அது கள்ளச்சாவிதான்."

மைதீன் பையிலிருந்து முழுநீளத் தாளை எடுத்தான். மனு எழுதுகிற கை வேகமாக ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம் கடைசி வெள்ளி...

"எத்தனை குறி வச்சிருக்கான்?"

வேல்சாமி ஒரு கணம் தயங்கினான். "மூணு."

"மூணு குறி" என்று சொல்லிக்கொண்டே மைதீன் எழுதினான். "வாடகைச் சீட்டு யார் பேருல?"

"அம்மா பேருல" என்றாள் கோமதி.

"அப்ப அவங்கதான் கைநாட்டு வைக்கணும். எங்க அக்கா பாத்தது சந்துல போன ஆளை. வீட்டுக்குள்ள நடந்ததை வீட்டுக்குரியவங்கதான் சொல்லணும். சுவத்துல இருக்கது கொத்தனார் வச்ச குறின்னு அவங்க வாயால வரணும்."

வேல்சாமி எழுந்துவிட்டான்.

"அது மட்டும் முடியாது தம்பி. அவ அதை எம் மவ வச்ச பொட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் மனுஷியா நடமாடுதா. அந்த வாயால காவின்னு எப்படிச் சொல்லச் சொல்லுவேன்? அதுக்குப் பதிலா நான் வீட்டையே விட்டுட்டுப் போயிருதேன்."

"வீட்டை விட்டா அந்தப் பொட்டு கூட வருமாப்பா?" என்றாள் கோமதி.

அவன் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சுந்தரம்மாளின் குரல் கேட்டது. கத்தல் இல்லை. யாரையோ உள்ளே வரவிடாமல் தடுக்கிற குரல்.

"தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுங்கன்னு சொல்லுதேன்லா."

அவன் ஓடினான்.

கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. முதலில் தெரிந்தது கன்ட்ராக்டர் துரைப்பாண்டியின் செருப்புக் கால். மாவுக் கோலத்தின் மேல் நின்றது. பின்னால் காசி கொத்தனார், ஐம்பது வயதிருக்கும், தோளில் கடப்பாரை. வாசல் பக்கம் குடையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்காரர் திரவியம். மூலையில், விளக்குக்கு முன்னால், சுந்தரம்மாள் இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு சுவராக நின்றாள். வந்த பெண்கள் தெருவுக்கு இறங்கியிருந்தார்கள்.

"யம்மா, ஒரு மணி நேர வேலை" என்றார் துரைப்பாண்டி. "நாங்க பாட்டுக்குச் சுவரைத் தொறந்துட்டுப் போயிருதோம். நீங்க அடுப்படியில இருங்க, யாரு வேண்டாங்கா?"

"என்ன வே வேல்சாமி?" திரவியம் சிரித்தார். "எஞ் சுவத்துல உம்ம பொண்டாட்டி கோயிலே கட்டிட்டாளாமே. நாளைக்கு உண்டியலும் வச்சிருவீரோ?"

"எம் மவ பொட்டு வச்ச சுவரு இது" என்றாள் சுந்தரம்மாள். "இதுல கடப்பாரை பட்டா எம் மேல பட்டுத்தான் படணும்."

"பொட்டா?" துரைப்பாண்டி திரும்பி, கொத்தனாரைப் பார்த்தார். உதட்டில் ஒரு கேலி கிளம்பிவிட்டது. "ஏலே காசி, நீ எப்பலே..."

கோமதி அப்பாவின் தோளைத் தொட்டாள். "யப்பா, அவங்க சொல்லுததுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க."

வேல்சாமி இரண்டே எட்டில் மூலைக்குப் போனான். மனைவியின் விரித்த கை ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"சுந்தரம். அது காவி."

அவள் பார்த்தாள்.

"நூல் அடிச்ச காவி. இந்தா பாரு, கோடு தெரியுது. அன்னைக்கு நாம வெளியே நிக்கும்போது இவங்க கொல்லை வழியா உள்ள வந்திருக்காவ. நாம கேட்ட சொடக்கு நூல் சத்தம். எனக்குச் சனிக்கிழமையே தெரியும். உங்கிட்ட சொல்லல. நீ சாப்பிட்டியே... அதுக்காகச் சொல்லல."

சுந்தரம்மாளின் மற்றக் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. ஓலைப்பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் மடித்து வைத்த பாவாடையின் ஓரம் வெளியே தெரிந்தது.

காசி கடப்பாரையை மெல்ல இறக்கிச் சுவரில் சாய்த்தான். தலைத்துண்டை அவிழ்த்தான்.

"நான்தாம்மா வந்தேன்."

"ஏலே, வாயை மூடு" என்றார் துரைப்பாண்டி.

"முன்கதவு சாத்திக் கிடக்கு, வீட்டுல ஆள் இல்ல, இப்பவே போய் நூல் அடிச்சுட்டு வந்திருன்னு இவருதான் சாவியைக் குடுத்தாரு. உள்ள வந்து பாத்தா இலை போட்டு வெளக்கு எரியுது. அப்பவே திரும்பியிருக்கணும். கூலிக்காரன் புத்தி, திரும்பல."

சுந்தரம்மாள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ உள்ள வரும்போது எம் பிள்ள இருந்தாளா?"

திரவியம்கூடச் சிரிக்கவில்லை.

காசி மூலையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

"கண்ணுக்குத் தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாவாடையை மிதிச்சிரக் கூடாதுன்னு சுவரோரமாவே போனேன். முதுகுல ஆள் பாக்குத மாதிரியே இருந்துச்சு. மூணு நூல் அடிக்கச் சொல்லி அனுப்பினாவ. ஒண்ணோட போயிட்டேன். போய் துவைக்கிற கல்லுல உக்காந்து ஒரு பீடியைப் பத்த வச்ச பெறவுதான் எந்திரிச்சு நடந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். யாரோ தனக்குச் சேர வேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது போல.

மைதீன் மனுவோடு வாசலில் நின்றிருந்தான். அவள் அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அதுல என்ன எழுதியிருக்க? படி."

அவன் படித்தான். "...மேற்படி வெள்ளிக்கிழமை பகல், எனக்கு எந்தத் தகவலும் தராமல், என் சம்மதம் இல்லாமல், வீட்டில் ஆளில்லாத நேரத்தில், பின்கதவைத் திறந்து உள்ளே வந்து, சுவரை இடிப்பதற்காக மூன்று குறிகள் வைத்து..."

"அதை அடி."

"எதம்மா?"

"ஆளில்லாத நேரம்னு இருக்குல்லா, அதை அடி. எம் மவ இருந்தா. அவ பசியாற உக்காந்திருக்க நேரத்துல கேக்காம உள்ள வந்தாவன்னு எழுது."

"கோர்ட்டுல அது..."

"கோர்ட்டு எனக்குத் தெரியாது. நடந்தது அதுதான். எழுது."

மைதீன் வேல்சாமியைப் பார்த்தான். வேல்சாமி, எழுது என்று கண்ணாலேயே சொன்னான். அந்த வரியை அடித்து, மேலே பொடி எழுத்தில் புது வரி ஏறியது. மைதீன் நீட்டிய மைப்பெட்டியில் விரலை அழுத்தி, சுந்தரம்மாள் தாளின் அடியில் வைத்தாள். அவசரப்படாமல், ஒரு குழந்தைக்கு நெற்றியில் வைக்கிற மாதிரி.

"அண்ணாச்சி" என்றான் மைதீன் திரவியத்திடம், மரியாதை குறையாமல். "இன்னைக்கே இது கோர்ட்டுக்குள்ள போவும். இதுக்கு மேல சுவத்துல ஒரு காரை உதிர்ந்தாலும் பதில் நீங்கதான் சொல்லணும். வரணும்னா எழுத்துல சொல்லிட்டு, வாசல் வழியா வாங்க."

"கன்னியையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வருவீங்களாக்கும் கோர்ட்டுக்கு?" திரவியம் குடையை விரித்தார்.

"அவ வருவா" என்றாள் சுந்தரம்மாள். "நீரு வாரும்."

கோமதி கொல்லைக் கதவை மறித்துக் கையை நீட்டினாள். "சாவி."

துரைப்பாண்டி அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார். காசி அரைஞாணில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து, அவள் கையில் வைத்தான்.

"நாளையிலேருந்து எங்கிட்ட வேலைக்கு வராத" என்றார் துரைப்பாண்டி.

"சரி" என்றான் காசி.

ஆட்கள் கலைந்தார்கள். மெஹர்பானு சுந்தரம்மாளைத் தோளோடு அணைத்து உட்கார வைத்தாள். மைதீன் மனுவைப் பைக்குள் செருகிச் சைக்கிளில் ஏறினான்.

காசி மட்டும் மறந்துவிட்ட கடப்பாரையை எடுக்கத் திரும்ப வந்தான். இந்த முறை தெருவில் நின்று கூப்பிட்டான்.

"வரலாமா?"

"வாங்க" என்றான் வேல்சாமி.

கடப்பாரையைத் தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டான். இப்போதுதான் சுவரை நேராகப் பார்க்கிறான். பார்த்தவன் வேல்சாமியை வாசலுக்குக் கூட்டிவந்தான். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"அண்ணாச்சி, நீங்களும் நூல் பிடிச்சவருதானே. ஒரு நூலுக்கு எத்தனை குறி?"

"ரெண்டு. அந்த முனையில ஒண்ணு, இந்த முனையில ஒண்ணு."

"நான் ரெண்டுதான் வச்சேன்."

"கீழே கை ஊன்றியிருப்பீரு."

"இல்ல அண்ணாச்சி. அங்கன நான் கையே வைக்கல. நான் போகும்போது அந்தக் கீழ்ப்பொட்டு அங்கன கிடையாது. எந்தக் கோர்ட்டுல கூப்பிட்டுக் கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

அவன் கடப்பாரையோடு தெருவில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்சாமி உள்ளே வந்தான். சுந்தரம்மாள் மெஹர்பானுவின் மடியில் தலைவைத்து, ஒரு வருஷத்து அழுகையை அழுதுகொண்டிருந்தாள். கோமதி செருப்புத் தடம் பட்ட கோலத்தை அழித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மேல்பொட்டில் விரலை வைத்தான். பொடியாக உதிர்ந்தது. காவி. அடுத்ததும் உதிர்ந்தது.

கீழே இருந்ததைத் தொடக் கை போகவில்லை. அது அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவன் வேலைவிட்டு வந்ததும் ஆவுடை ஓடிவந்து அவன் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பாளே, அந்த உயரம்.

மூன்று குறி என்று எழுதியாகிவிட்டது. கைநாட்டும் விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மைதீனின் சைக்கிள் இந்நேரம் கோர்ட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.